வன்னியில் தனியார் வேலையா? தொழிற்சங்கத்தில் சேர்வது முதல் நியாய சபை வரை

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் ஆடைத் தொழிற்சாலை, அரிசி ஆலை, ஹாட்வெயார் கடை, நுண்கடன் நிறுவனம், செக்யூரிட்டி என்று தனியாரிடம் முதல் தடவையாக வேலைக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் தங்கையை ஒருநாள் திடீரென்று வேலையால் நிறுத்தினார்கள். அவளோடு சங்கத்துக்கும், தொழில் திணைக்களத்தின் தொழில் அலுவலகத்துக்கும், வேலை நீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கும் அலைந்தது நான்தான். எங்கே போவது, எதைக் கொண்டுபோவது, எத்தனை நாளுக்குள் போவது என்று சொல்லித்தர அப்போது எங்களுக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் பாதை பொருந்தாது. ஆசிரியர்களுக்கும் திணைக்கள ஊழியர்களுக்கும் சங்கங்கள் உண்டு. ஆனால் அவர்களின் பிணக்குகள் தொழில் நியாய சபைக்குப் போகாமல் பொதுச் சேவை ஆணைக்குழு போன்ற இடங்களுக்குப் போகும்.

1. பிரச்சினை வருமுன்னரே சேருங்கள்

வேலை போன பிறகுதான் பலர் சங்கத்தைத் தேடுகிறார்கள். நல்ல சங்கம் அப்போதும் ஆலோசனை சொல்லும். ஆனால் ஒரு தொழிலாளிக்காகத் தன் பெயரில் நியாய சபையில் விண்ணப்பம் போட வேண்டுமென்றால், அவர் அந்தச் சங்கத்தின் உறுப்பினராக இருக்க வேண்டும். சில சங்கங்கள் சேர்ந்து சில மாதம் சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே வழக்குப் பேச ஆள் அனுப்புகின்றன. ஆகவே வேலையில் சேர்ந்த முதல் மாதமே விசாரியுங்கள்.

சங்கம் அமைக்கவும் அதில் சேரவும் உள்ள உரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையால் நீக்குவதும், சேராதே என்று நிபந்தனை போடுவதும் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின்கீழ் குற்றம். 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 32அ என்ற பிரிவாக இது சேர்க்கப்பட்டது. யாராவது பயமுறுத்தினால், பயமுறுத்தியவரின் பதவி, திகதி, நேரம், பக்கத்தில் நின்றவர்கள் யார் என்பதை அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

சேரும்போது கேட்பது பெரும்பாலும் இவ்வளவுதான்: நிரப்பிய விண்ணப்பப் படிவம், அடையாள அட்டைப் பிரதி, வேலையிடத்தின் பெயரும் உங்கள் ஊழியர் இலக்கமும், முதல் மாதச் சந்தா. சந்தா சங்கத்துக்குச் சங்கம் வேறுபடும். சில இடங்களில் குறித்த ஒரு தொகை, சில இடங்களில் சம்பளத்தில் ஒரு வீதம். சம்பளத்தில் கழித்து அனுப்பும் முறை என்றால் நீங்கள் எழுத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும். நிர்வாகத்துக்குப் பெயர் தெரியவேண்டாம் என்று நினைப்பவர்கள் நேரடியாகக் கட்டலாம். எப்படிக் கட்டினாலும் பற்றுச்சீட்டை வாங்குங்கள். நீங்கள் உறுப்பினர் என்பதற்குப் பிறகு அதுதான் அத்தாட்சி.

2. அது உண்மையில் தொழிற்சங்கமா என்று பாருங்கள்

இந்தப் படியில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பெரிய ஆடைத் தொழிற்சாலைகளில் “ஊழியர் சபை” என்று ஒன்று இருக்கும். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒருவரைத் தெரிவு செய்வார்கள், மாதாந்தம் நிர்வாகத்தோடு கூட்டம் நடக்கும். சாப்பாடு, மலசலகூடம், பஸ் நேரம் போன்றவற்றை அங்கே பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் அது தொழிற்சங்கம் அல்ல. உங்களை வேலையால் நிறுத்தினால் உங்களுக்காக நியாய சபையில் விண்ணப்பம் போட அந்தச் சபைக்கு வழியில்லை. “எங்களிடம் சபை இருக்கிறது, சங்கம் எதற்கு” என்று மனிதவளப் பிரிவில் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

தொழிற்சங்கம் என்றால் 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவாளராக இருப்பவர் தொழில் ஆணையாளர் நாயகம். சேருமுன் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். ஒழுங்கான சங்கம் தயங்காமல் சொல்லும். கூடவே இன்னும் மூன்று கேள்விகள்:

தமிழில் கடிதம் எழுதவும் பேசவும் கூடியவர் இருக்கிறாரா? பல சங்கங்களின் தலைமையகம் கொழும்பில் இருக்கிறது. தொலைபேசியில் தமிழில் ஒருவர் கிடைக்காவிட்டால் அவசர நேரத்தில் திண்டாடுவீர்கள்.

விசாரணைக்கு வன்னிக்கு ஆள் வருவாரா? வந்தால் பயணச் செலவு யாருடையது?

என் வேலையிடத்தில் வேறு உறுப்பினர்கள் இருக்கிறார்களா? இருந்தால் கிளை அமைக்கலாம். ஏற்கெனவே பதிவான சங்கத்தின் கிளைக்குப் புதிதாகப் பதிவு தேவையில்லை. புதிய சங்கமாகவே தொடங்குவதென்றால் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அதோடு சங்க விதிகள் அடங்கிய யாப்பு, பதவியாளர் விபரம், அமைத்து மூன்று மாதத்துக்குள் பதிவு விண்ணப்பம் எல்லாம் வேண்டும். முதல் தடவை வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சுமை தேவையில்லை என்பது என் கருத்து. இருக்கும் சங்கத்தில் சேருங்கள்.

கிளையில் எத்தனை பேர் என்பது பின்னால் முக்கியமாகும். ஒரு வேலையிடத்தில் சங்கம் யாருக்காகப் பேச வருகிறதோ அந்தத் தொழிலாளர்களில் குறைந்தது 40 வீதத்தினர் உறுப்பினராக இருந்தால், அந்தச் சங்கத்தோடு பேரம் பேச மறுக்க முதலாளிக்கு இடமில்லை. சம்பள உயர்வு, இலக்குக் கொடுப்பனவு, வரவுக் கொடுப்பனவு போன்றவற்றைக் கூட்டு உடன்படிக்கையாக எழுதிக்கொள்வது அந்தக் கட்டத்தில்தான். 40 வீதம் வராத இடத்திலும் தனி உறுப்பினர் ஒருவரின் பிரச்சினையைச் சங்கம் எடுத்துப் பேசலாம். “எண்ணிக்கை காணாது, ஒன்றும் செய்ய ஏலாது” என்று யாராவது சொன்னால் அது பிழையான தகவல்.

3. உங்கள் முதலாளி யார் என்று கண்டுபிடியுங்கள்

கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். கம்பனிகளுக்கு ஆள் வழங்கும் மேன்பவர் முகவர் மூலம் வேலைக்குப் போகிறவர்களுக்கு எல்லாமே இதில்தான் தொங்குகிறது. வாசலில் இருப்பது ஒரு கம்பனியின் பெயர், கையில் காசு தருவது வேறு ஒருவர், ஊழியர் சேமலாப நிதி கட்டுவதாகச் சொல்வது இன்னொருவர். பிரச்சினை வந்ததும் “அது எங்கள் ஆள் இல்லை” என்று மூன்று பேரும் கையை விரிப்பார்கள்.

ஆகவே முதல் சம்பளத்தோடு நான்கு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: நியமனக் கடிதத்தில் உள்ள பெயரும் முகவரியும், சம்பளம் வங்கிக்கு வந்தால் அனுப்பியவரின் பெயர், சேமலாப நிதியின் தொழில்தருநர் இலக்கமும் உங்கள் உறுப்பினர் இலக்கமும், தினமும் உங்களுக்கு வேலை சொல்பவர் யாருடைய ஊழியர் என்பது. நியமனக் கடிதம் தராவிட்டால் கேளுங்கள். கேட்டும் தராவிட்டால் கேட்ட திகதியைக் குறியுங்கள். முகவர் ஒருவர் மட்டும்தான் முதலாளி என்று நீங்களாக முடிவெடுத்துக் கடிதம் எழுதாதீர்கள். முகவரையும் வேலையிடத்தையும் சேர்த்து எழுதுவதா என்பதைச் சங்கம் முடிவெடுக்கட்டும்.

4. ஒரு பைல் வைத்திருங்கள்

சங்கம் உங்களுக்காக வாதாடும்போது அதன் கையில் இருப்பது நீங்கள் கொடுத்த காகிதம் மட்டும்தான். என் தங்கையின் விஷயத்தில் எங்களைக் காப்பாற்றியது அவள் எறியாமல் வைத்திருந்த சம்பளச் சிட்டைகள். பைலில் இருக்க வேண்டியவை:

நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள் அனைத்தும், ஊழியர் அட்டையின் இரு பக்கப் பிரதி, வங்கிப் புத்தகப் பக்கங்கள், லீவு விண்ணப்பப் பிரதிகள், மருத்துவச் சான்றிதழ்கள், எச்சரிக்கைக் கடிதங்கள், சந்தாப் பற்றுச்சீட்டுகள். வரவு இயந்திரத்தில் விரல் வைக்கிற இடங்களில் உங்கள் கையில் பதிவு எதுவும் மிஞ்சாது. உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் தினமும் எழுதி வையுங்கள். ஓ.ரி. (மேலதிக நேர) கணக்குப் பிசகும்போது அந்தக் கொப்பி உதவும். மேலாளரிடமிருந்து வட்ஸ்அப்பில் வரும் செய்திகளை அழிக்காதீர்கள். போன் மாற்றுமுன் படமெடுத்து வேறு இடத்தில் சேமியுங்கள்.

இனி, வன்னி ஆட்களை விசேடமாகக் கடிக்கும் ஒரு சிக்கல். இடப்பெயர்வில் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் தொலைந்து மறுபடி எடுத்தவர்கள் நிறையப் பேர். பழைய அட்டையில் இருந்த இலக்கம் ஒன்று, புதிய அட்டையில் 12 இலக்கங்கொண்ட வேறொன்று. ஆங்கிலத்தில் பெயர் எழுதும்போது ஒரு அட்டையில் ஒரு விதம், வங்கியில் இன்னொரு விதம், தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்பதும் குழப்பம். சேமலாப நிதிக் கணக்கில் பெயரோ அடையாள அட்டை இலக்கமோ பொருந்தாவிட்டால் காசு எடுக்கும்போது மாதக்கணக்கில் இழுபடும். வேலையில் சேரும் அன்றே அடையாள அட்டையில் உள்ள எழுத்தைப் பார்த்து அப்படியே எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே பிழை இருந்தால் வேலையில் இருக்கும்போதே திருத்துங்கள். வேலையை விட்ட பிறகு பழைய முதலாளியிடம் கையெழுத்து வாங்குவது பெரும்பாடு.

பிரதிகளைச் சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தி ஒரு கட்டு தனியாக வையுங்கள். மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள், சங்கத்திடமும்தான்.

5. சம்பளமும் நிதியும் சரியா என்று கணக்குப் பாருங்கள்

சங்கத்திடம் போகுமுன் நீங்களே பார்க்கக்கூடிய கணக்கு இது. 2026 ஜனவரி முதல் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா, நாட்சம்பளம் 1,200 ரூபா. சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி என்ற இன்னொரு நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். 30,000 ரூபாச் சம்பளத்தில் உங்களிடம் கழிக்கக்கூடியது 2,400 ரூபா. முதலாளி தன் கையிலிருந்து 3,600 ரூபாவும் 900 ரூபாவும் கட்ட வேண்டும். அவருடைய பங்கையும் சேர்த்து உங்கள் சம்பளத்தில் வெட்டினால் அது சட்டவிரோதம். தற்காலிகம், பயிற்சிக் காலம், நாட்கூலி என்ற சாட்டுகள் இதற்குச் செல்லாது. வேலை தொடங்கிய நாளிலிருந்தே கட்ட வேண்டும்.

ஒரு மாதத்துக்கான பணம் அடுத்த மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும். சிட்டையில் கழித்ததாகக் காட்டிவிட்டு நிதிக்கு அனுப்பாமல் விடுகிற இடங்களும் இருக்கின்றன. சிட்டையை மட்டும் நம்பாமல் உங்கள் கணக்கு மீதியையும் பாருங்கள். சேமலாப நிதியை நிர்வகிப்பது மத்திய வங்கி. அதன் பிராந்திய அலுவலகம் ஒன்று கிளிநொச்சியில் உண்டு, அடையாள அட்டையோடு போய் விசாரிக்கலாம்.

ஐந்து வருடம் முடித்தவர்களுக்குப் பணிக்கொடை உண்டு. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமென்றால், மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம், வேலை முடிந்து 30 நாளுக்குள். கடைசிச் சம்பளம் 30,000 ரூபாவும் சேவை ஐந்து வருடமும் என்றால் 75,000 ரூபா. நான்கு வருடம் பத்து மாதத்தில் “கொஞ்சநாள் வீட்டில் நில்லுங்கள்” என்று சொன்னால் உடனே சங்கத்துக்கு அறிவியுங்கள்.

6. முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள்

சங்கத்துக்கு தொலைபேசியில் அழுது சொல்வதால் ஒன்றும் நகராது. ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்: யார் நீங்கள், எங்கே, எப்போதிலிருந்து வேலை, சம்பளம் எவ்வளவு, என்ன நடந்தது (திகதி ஒழுங்கில்), என்ன வேண்டும். கோபத்தையும் மற்றவர் குடும்பக் கதையையும் விட்டுவிடுங்கள்.

பிறகு சங்கம் வழக்கமாகச் செய்வது: முதலில் நிர்வாகத்துக்குக் கடிதம், பிறகு நேரில் பேச்சு, சரிவராவிட்டால் தொழில் திணைக்களத்தில் சமரசம். அநேகமான பிரச்சினைகள் முதல் இரண்டிலேயே முடிந்துவிடும். சங்கம் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். பதிவுத் தபால் துண்டையும் சேர்த்து வையுங்கள். உங்களைக் கேளாமல் இணக்கத்துக்கு வரவேண்டாம் என்று பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவையுங்கள்.

7. விளக்கம் கோரும் கடிதம் வந்தால்

கடிதத்தை வாங்க மறுக்காதீர்கள். வாங்கிய திகதியை எழுதிக் கையெழுத்திடுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்து விளங்காவிட்டால் “தமிழில் தாருங்கள்” என்று எழுத்தில் கேளுங்கள். விளங்காத எதிலும், வெற்றுத்தாளிலும், கையெழுத்து வைக்காதீர்கள். பதில் கொடுக்கச் சொன்ன நாளுக்குள் சங்கத்தைக் கொண்டு பதில் எழுதுங்கள். நேரம் காணாவிட்டால் அவகாசம் கேட்டுக் கடிதம் கொடுங்கள், மௌனமாக இருக்க வேண்டாம்.

உள்ளக விசாரணை வைத்தால் சங்கப் பிரதிநிதியையோ சக தொழிலாளியையோ கூட வர அனுமதிக்கும்படி முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். மறுத்தால், மறுத்ததை விசாரணைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தான காகிதம் விலகல் கடிதம். அறைக்குள் கூப்பிட்டு, “நீங்களாக விலகினால் நல்ல சான்றிதழ் தருவோம், பொலிசுக்குப் போகமாட்டோம்” என்பார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் பயத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நீங்களாக விலகியதாகக் காகிதம் இருந்தால், நியாயமின்றி நீக்கினார்கள் என்று காட்டுவது மிகக் கடினம். “வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்” என்று வெளியே வாருங்கள். பலவந்தமாக எழுத வைத்திருந்தால் அன்றோ அடுத்த நாளோ, நடந்ததை எழுதிப் பதிவுத் தபாலில் நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் தொழில் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்.

வாயால் “நாளைக்கு வரவேண்டாம்” என்று சொல்லிவிட்டு, சில நாளில் “அறிவிக்காமல் வேலையை விட்டுவிட்டீர்கள்” என்று கடிதம் அனுப்புவதும் நடக்கிறது. அப்படிச் சொன்னால் மறுநாளும் வேலைக்குப் போங்கள். வாசலில் மறித்தால் ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, அன்றே பதிவுத் தபாலில் “வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை, வேலை செய்யத் தயார்” என்று அனுப்புங்கள்.

8. வேலை போனால்: ஆறு மாதம்

வேலை நின்ற திகதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போட வேண்டும். இதைக் கலண்டரில் பெரிதாக எழுதுங்கள். நிர்வாகம் “பார்ப்போம், அடுத்த மாதம் கூப்பிடுவோம்” என்று இழுப்பதெல்லாம் இந்தக் காலத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக நாள் நிற்காது.

பாதை இரண்டு. குற்றம் சாட்டி நீக்கினால் தொழில் நியாய சபை. ஆள் கூட, ஓர்டர் இல்லை, பகுதி மூடுகிறோம் என்று குற்றச்சாட்டில்லாமல் நீக்கினால் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தொழில் ஆணையாளரிடம் முறைப்பாடு. இந்தச் சட்டம் 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கும், முந்திய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்தவர்களுக்கும் பொருந்தும். உங்கள் எழுத்து மூலச் சம்மதமோ ஆணையாளரின் முன் அனுமதியோ இல்லாமல் அப்படி நீக்க முடியாது. அதனால்தான் சம்மதக் கையெழுத்துக்காக இவ்வளவு பாடுபடுகிறார்கள். எந்தப் பாதை என்று சங்கத்திடம் கேட்ட பிறகே விண்ணப்பியுங்கள். அவசரத்தில் இரண்டிலும் போட்டால் ஒன்று மற்றதைக் கெடுக்கும்.

சம்பளப் பாக்கி, சேமலாப நிதி, பணிக்கொடை பற்றிய முறைப்பாடு தொழில் அலுவலகத்துக்கு. கட்டணம் இல்லை. மல்லாவியிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ பஸ் பிடித்து வந்து “உங்கள் பகுதி இங்கே இல்லை” என்று திரும்புவது ஒரு நாட்கூலி நட்டம். எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறீர்கள் என்று 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலையத் தொலைபேசி இலக்கத்தில் கேட்டு, அங்கே அழைத்து உங்கள் பகுதித் தொழில் உத்தியோகத்தர் அலுவலகத்தில் நிற்கும் நாளையும் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். முறைப்பாட்டு இலக்கம் வாங்காமல் திரும்பாதீர்கள்.

9. நியாய சபையில்

விண்ணப்பத்தை நீங்களும் போடலாம், உறுப்பினருக்காகச் சங்கமும் போடலாம். சட்டத்தரணிதான் பேசவேண்டும் என்றில்லை. சங்கப் பிரதிநிதி உங்களுக்காக ஆஜராகலாம். சங்கத்தின் பெரிய பலன் எனக்கு இதில்தான் தெரிந்தது: எதிர்ப்பக்கம் சட்டத்தரணியோடு வந்து நிற்கும்போது எங்கள் பக்கத்திலும் சட்டம் தெரிந்த ஒருவர் நின்றார். சங்கத்தில் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ். சாட்சியம் தமிழில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. விண்ணப்பம், நிர்வாகத்தின் மறுமொழி, இணக்க முயற்சி, சாட்சியம் என்று தவணை தவணையாகப் போகும். மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடத்தைத் தாண்டும். செலவு என்று வருவது பஸ் காசு, போட்டோக்கொப்பி, தபால், வேலைக்குப் போகாத நாளின் கூலி. இந்தக் காலத்தில் வேறு வேலைக்குப் போகலாம். போனால் அதைச் சங்கத்திடம் சொல்லுங்கள், மறைக்காதீர்கள், சாட்சியத்தில் கேட்பார்கள். தவணைக்குப் போகாமல் விட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். சுகமில்லை என்றால் மருத்துவச் சான்றிதழோடு சங்கத்துக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

இடையில் இணக்கத் தொகை ஒன்று பேசப்படும். அதை வாங்குவதா என்று வீட்டில் கணக்குப் பார்த்து முடிவெடுங்கள். வாங்குவதென்றால் எழுதும் காகிதத்தில் “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற வரி இருக்கும். அந்தத் தொகைக்குள் சேமலாப நிதிப் பாக்கியும் பணிக்கொடையும் அடக்கமா, தனியா என்று கையெழுத்துக்கு முன் கேட்டு, பதிலையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

நியாய சபையின் கட்டளை உங்களுக்குச் சாதகமாக வந்தால் உறுதிப்படுத்திய பிரதி ஒன்றை உடனே எடுங்கள். இரு தரப்புக்கும் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்ய 30 நாள் உண்டு. அந்த நாளும் கழிந்து, மேன்முறையீடும் இல்லாமல், பணமும் வராவிட்டால் பிரதியோடு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். கட்டளையை மதிக்காத முதலாளிமீது நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. சங்கத்திடம் கடிதம் ஒன்று வாங்கிச் சேர்த்துக் கொடுத்தால் கோப்பு வேகமாக நகரும்.